உப்பு போட்ட பனி

அத்தை யாரையாவது பாராட்டினால் எங்கள் தெருவே கவலைப்படும். திட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "பாவி, கஸ்மாலம், நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று அவள் குரல் தெருமுனை வரை கேட்டால், சரி, யாரோ ஒருத்தர் அவளுக்குப் பிடித்த காரியம் எதையோ செய்திருக்கிறார் என்று அவரவர் வேலையைப் பார்ப்போம்.

எனக்கு அவள் சொந்த அத்தை இல்லை. காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது அவள் இல்லை. அதனால்தான் இதைத் தைரியமாக எழுத முடிகிறது. இருந்திருந்தால், "என்னப் பத்தி எயுதறாளாம், மூஞ்சப் பாரு" என்று ஆரம்பித்து என் எழுத்தையும் கையெழுத்தையும் நான் உட்கார்ந்து எழுதும் நாற்காலியையும் ஒரு வழி பண்ணியிருப்பாள்.

அவளுடைய வாய் அப்படியானதற்கு மீன்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் நிற்கும் பொம்பளைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. வேண்டிய மீனைப் பார்த்து முகம் மலர்ந்தால் தொலைந்தது, விலை ஏறிவிடும். அதனால் வஞ்சிரம் பளபளவென்று வந்து இறங்கும்போதுதான் அத்தை மூக்கைப் பொத்துவாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னா மீனுய்யா இது, போன பொங்கலுக்கு செத்துச்சா?" என்பாள். நிஜமாகவே கெட்டுப்போன கூடை வந்தால், "தங்கமாட்டம் கீது. நல்லா கீது. வேற யாருக்காச்சும் குடு" என்று மரியாதையாக நகர்ந்துவிடுவாள். எல்லாப் பெண்களும் செய்வதுதான் இது. ஆனால் மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை ஏலக்கூடத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். அத்தை கூடையோடு சேர்த்து அதையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஏலம் விடுகிறவர் ஒருநாள் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அத்தை காறித் துப்பினால் உடனே விலையை ஏற்றினார். சும்மா விடுவாளா? மறுநாள் நல்ல மீனைப் பார்த்துப் பாராட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். முதல் கூடை வந்தது. கண்ணாடி மாதிரி கண் வைத்த வஞ்சிரம். அத்தை வாயைத் திறந்தாள். "நல்..." என்று ஆரம்பித்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினாள். பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டினாள். கடைசியில், "நாசமாப் போற மீனு, எட்த்துகினு போய்யா அப்பால" என்று வெளியே வந்துவிட்டது. நிறையக் கொடுத்துத்தான் அந்தக் கூடையை வாங்கினாள்.

மாமா, அதாவது அவளுடைய வீட்டுக்காரர், விசைப்படகு ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம் அவளிடம் திட்டு வாங்கி நன்றாகக் கொழுகொழுவென்றுதான் இருந்தார். நடுவில் கொஞ்சகாலம் அவருக்கு எண்ணூர்ப் பக்கம் வேறு வீட்டு வாசம் ஒன்று ஏற்பட்டது. ஊரே அத்தை அரிவாள்மனையைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தது. அவள் தூக்கவில்லை. "வாங்க. சாப்புடுங்க. நல்லா தூங்கினீங்களா?" என்று ஒரு மாதம் பேசினாள். மாமா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து என் அப்பாவிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"என்னை 'வாங்க'ன்றா நைனா! எனுக்கு சோறு எறங்கல நைனா!"

எண்ணூர்ப் பக்கம் அதோடு சரி. அவர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பிய அன்றைக்கு அத்தை நடுத்தெருவில் நின்று அவருடைய பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி நின்றார். அதற்குப் பிறகு அவர் மதராஸ் எல்லையைத் தாண்டியதில்லை, கடலைத் தவிர.

அவர் மாரடைப்பில் போனபோது அவள் அழுவாள் என்று காத்திருந்தோம். "ஒரு வேலையாச்சும் ஒயுங்கா முடிச்சிருக்கியா நீ? பாதில எயுந்து போறியே சோமாரி" என்றாள் பிணத்தைப் பார்த்து. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அன்றைக்கு அழுதது போல என் சொந்த மாமாக்கள் எவருக்கும் அழவில்லை.

ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது அம்மனுக்கும் இதே கதிதான். "கண்ணு தெரிதா உனுக்கு? போட்ட நகைக்கு ஒரு நாளாச்சும் வேலை செஞ்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். என் கல்யாணத்தில் மணவறைக்கே வந்து, "இன்னாடி, சுண்ணாம்பு அட்ச்ச செவுரு மாதிரி கீற" என்றாள். என் மாமியார் வீட்டார் அடிக்கப் போய்விட்டார்கள். என் அம்மாதான் சந்தோஷத்தில் அவர்களைச் சமாதானம் செய்தாள். அதே கல்யாணத்தில் என் ஓரகத்தியைப் பார்த்து, "லட்சணமா கீறம்மா" என்றாள். அந்தப் பெண்மணி பூரித்துப்போனாள். அவள் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது ரேவதியிடம் வர வேண்டும். அத்தைக்கு ஒரே மகள் ரேவதி. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். படித்து முடித்து ஒரு பெரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து ஒரு கும்பலாக இமாச்சலத்துக்குப் பனியில் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் இப்படி ஒரு ஆசை. மற்றவர்கள் ஜலதோஷத்தோடு திரும்பினார்கள். ரேவதி அங்கே வழிகாட்டியாக வந்த பையனோடு மனசைக் கோத்துக்கொண்டு திரும்பினாள். ஒரு வருஷம் யோசித்தாள், யாரிடமும் சொல்லவில்லை, ஒருநாள் கிளம்பிப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போட்டோ என் போனுக்கு வந்தது. பையன் பெயர் மோகன். பெயர் மட்டும் நம்மூர்ப் பெயர். மற்றபடி ஆறடி உயரமும் ஆப்பிள் கன்னமும் தாடியுமாக இருந்தான்.

போட்டோவைக் காட்டினேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா கீறான். நல்ல புள்ளையா தெரிறான். நல்லா இருக்கட்டும்" என்றாள்.

நான் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று. ரேவதி போன் செய்வாள். அத்தை எடுப்பாள். "நல்லாருக்கியாம்மா? சந்தோசம். ஒடம்ப பாத்துக்கோ." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவாள். பிறகு ரேவதி என்னைக் கூப்பிட்டு அழுவாள். "என்னைத் திட்டவே மாட்டேங்குதுடி சுமதி. ஒரே ஒரு தடவை திட்டச் சொல்லேன்." நான் போய்ச் சொன்னேன். "எதுக்கு திட்டணும்? அவங்க வாய்க்கை, அவங்க இஷ்டம்" என்றாள் அத்தை. தன் மகளை 'அவங்க' என்றாள்.

நாலாவது வருஷம் தை மாதத்தில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். என் காபியைக் கழுநீர் என்று சொல்லிவிட்டு முழுவதும் குடித்தாள்.

"உனுக்குதான் இந்தி வருமே. கூட வர்றியா?"

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. இந்தியெல்லாம் வடக்கத்தி லாரி டிரைவர்களிடம் கற்றது. அதில் பாதி கெட்ட வார்த்தை. இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

"போறதுக்கு ரெண்டு டிக்கெட்டு போடு. வர்றதுக்கு மூணு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இட்டுகினு வரப் போறேன்" என்றாள். "ஐஸ்ல போட்டு வெக்க அவ இன்னா மீனா?"

"அவ வர மாட்டேன்னா?"

"நான் கூப்டா வருவா. நான் இன்னும் கூப்டவே இல்லியே."

அது உண்மைதான். அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. அம்மா ஒரு வார்த்தை 'வாடி' என்றால் ரேவதி உடைந்து கிளம்பிவிடக் கூடியவள். மூன்று வருஷ மரியாதையில் அவ்வளவு தேய்ந்து போயிருந்தாள். அந்த மோகன் எப்படிப்பட்டவனோ எனக்குத் தெரியாது. ஆனால் ரேவதி அவனைப் பற்றிப் பேசும்போது குரல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பர்மா பஜாரில் அத்தைக்கு ஒரு ஜெர்க்கின் வாங்கினோம். ஆம்பளை ஜெர்க்கின், புடவைக்கு மேலே. குரங்குக் குல்லாய் ஒன்று. அத்தை தன் பங்குக்கு இரண்டு கோணிச் சாக்கும், ஒரு பை நெத்திலிக் கருவாடும், ஒரு பாக்கெட் கல்லுப்பும் எடுத்து வைத்துக்கொண்டாள். உப்பு எதற்கு என்று கேட்டேன். வெளியூருக்குப் போகும் மீன் பெட்டியில் தூள் ஐஸுக்கு மேலே ஒரு கை உப்பைத் தூவித்தான் மூடுவாள். அப்போதுதான் கூட நேரம் ஜில்லென்று கிடக்குமாம்.

"ஐஸாண்ட போறோம், கைல உப்பு இல்லாமயா?" என்றாள்.

டெல்லி வரைக்கும் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். ஆந்திராவைத் திட்டினாள். ரயில் டீயைத் திட்டினாள். எதிர் சீட்டுக் குழந்தையைக் கொஞ்சித் திட்டியதில், அதன் தாயோடு எனக்குச் சண்டை வரப் பார்த்தது. டெல்லியிலிருந்து பஸ் ஏறி மலை தெரிய ஆரம்பித்ததும் பேச்சு குறைந்தது. வெள்ளையாக முதல் சிகரம் கண்ணில் பட்டபோது, "அம்மாம் ஐஸும் சும்மாவா கெடக்குது?" என்றாள்.

மோகன் பஸ்ஸுக்கே வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "மம்மிஜி" என்றான். அத்தை அவன் தலையில் கை வைத்தாள்.

"நல்ல புள்ள. நல்லா வளத்திருக்காங்க" என்றாள்.

மொழிபெயர்க்கச் சொன்னான். மொழிபெயர்த்தேன். பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பின்னால் நின்ற ரேவதியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

மரமும் கல்லுமாகக் கட்டிய சின்ன வீடு. "நல்ல வூடு." ராஜ்மாவும் ரொட்டியும் வைத்தான், அவனே சமைத்தது. "ருசியா கீது." கம்பளி கொடுத்தான். "ரொம்ப சந்தோசம்." ஒவ்வொன்றையும் நான் இந்தியில் சொல்லச் சொல்ல மோகனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் முதல் நாளே மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். "ரேவதி உங்களைப் பற்றிச் சும்மா பயமுறுத்தி வைத்திருந்தாள்" என்றான். ரேவதி எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"முடிஞ்சுதுடி" என்றாள். "அம்மா அவனை வாங்கல. கூடையத் தள்ளி வுட்டுடுச்சு."

இரண்டு பேரும் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றோம்.

மறுநாள் மோகனுக்கு மேலே சரிவில் வேலை இருந்தது. அந்த வாரக் கடைசியில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குப் பனிக்குகை கட்டிக் காட்ட வேண்டும், ஆசைப்படுகிறவர்கள் அதில் தூங்கலாம். முதலில் தானும் ரேவதியும் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிடுவது வழக்கமாம். "மம்மிஜியும் வந்து பார்க்கட்டும்" என்றான். அத்தை ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டு, உப்புப் பாக்கெட்டை அதன் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

குகை என்றால் நான் கற்பனை செய்தது வேறு. இது வெறும் குவியல். மண்வெட்டியால் பனியை வாரி வாரி ஆளுயரத்துக்குக் கொட்டுகிறார்கள். தட்டிவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா விட்டால் அது தானாகவே ஒட்டி இறுகிக்கொள்ளுமாம். இறுகும் முன்பே முழங்கை நீளக் குச்சிகளைச் சுற்றிலும் குத்தி வைக்க வேண்டும். இறுகிய பிறகு ஒரு பக்கம் தாழ்வாக வாசல் தோண்டி உள்ளே போய்க் குடைய வேண்டும். உள்ளிருந்து குச்சி நுனி எங்கே தெரிகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும், அதுதான் சுவர். படுக்கிற மேடை வாசலைவிட உயரமாக இருக்க வேண்டும், குளிர் கீழே இறங்கிப் போய்விடும். கூரையில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, மூச்சு முட்டாமல் இருக்க. மோகன் ஒவ்வொன்றையும் விளக்கினான். நானும் சொன்னேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அயகா செய்றாரு" என்றாள்.

குவித்து முடித்துக் குச்சிகளும் குத்தியாயிற்று. இறுகட்டும் என்று நாங்கள் மூவரும் கீழே டீ குடிக்கக் கிளம்பினோம்.

"நீங்க போங்க. நான் இங்கயே குந்திகினு கீறேன்" என்றாள் அத்தை.

திரும்பி வந்தபோது அவள் குவியலுக்குப் பக்கத்திலேயே கோணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். மோகன் வாசலைத் தோண்டினான். ரேவதி அவனைவிடச் சின்ன உடம்பு. அதனால் உள்ளே போய்க் குடைவது எப்போதும் அவள்தான். அவள் குடைந்து பனியைத் தள்ளத் தள்ள, இவன் வெளியே வாரிப்போட்டான். அரைமணி நேரம் போயிருக்கும். மேலே ஒரு குச்சி சாய்ந்தது. இன்னொன்று சாய்ந்தது. சத்தமே இல்லாமல் நடுக்கூரை உட்கார்ந்தது.

ரேவதியின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

மோகன் கத்தவில்லை. அந்த இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். வரவில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் பறித்தான். அத்தை அந்தப் பக்கம் மண்டியிட்டு மீன் பெட்டியைக் கிளறுவது போல இரண்டு கையாலும் கிளறினாள். மறுபடி இழுத்தான். வந்தாள். வாயிலும் மூக்கிலும் பனி. இருமினாள், துப்பினாள், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். நான் அவள் முகத்துப் பனியைத் துடைத்துவிட்டேன்.

மோகன் சரிந்த கூரைக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தான். அது கூழாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். அத்தையின் ஜெர்க்கின் பையைப் பார்த்தான். காலிப் பாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கத்தினான். நான் யார்டில் கற்ற வார்த்தைகளில் முக்கால்வாசி அதில் வந்தன.

"இன்னாவாம்?" என்றாள் அத்தை.

"கொஞ்சம் பாத்து நடந்துக்கச் சொல்றாரு அத்த."

"டபாய்க்காத. அவன் மூஞ்சி செவந்துகினு கீது. அவன் வாயில இன்னா வந்துச்சோ அத அப்படியே சொல்லு."

சொன்னேன். "உனக்குப் புத்தி இருக்கான்னு கேக்கறாரு. பனி மேல உப்பு போட்டா உருகும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியுமாம். அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, அம்மான்னும் பாக்காம உன்னை இந்த மலையிலேயே பொதச்சிருப்பாராம்."

ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மண்வெட்டியை அத்தைக்கு எட்டாத தூரத்துக்கு மெதுவாகத் தள்ளி வைத்தேன்.

அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"தொட்டுப் பாத்தேன். பொட்டுப் பொட்டா உதுந்துச்சு, ஈரமே இல்ல" என்றாள். "இவ உள்ள பூறப் போறாளே, கெட்டியா கெடக்கட்டும்னு போட்டேன். பெட்டில போட்டா ஜில்லுனு நிக்கும். இங்க கரஞ்சிப் போச்சு."

நான் அதையும் ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குச் சொன்னேன். மோகன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். தன் கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

அன்று வீட்டில் அத்தை வாயைத் திறக்கவேயில்லை. பருப்பைச் சாப்பிட்டாள், ருசி என்று சொல்லவில்லை, குப்பை என்றும் சொல்லவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாமா செத்த வீட்டில்கூட அவள் வாய் ஓயவில்லை.

"ஏன்டி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?" என்று ரேவதி என் காதில் கேட்டாள்.

"ஏலம் இன்னும் முடியல" என்றேன். சும்மா தைரியத்துக்குச் சொன்னதுதான்.

காலையில் எழுந்தால் அத்தையைக் காணோம். சரிவுக்கு ஓடினோம். உப்புப் பட்ட பனியையெல்லாம் தனியாக வாரி ஓரமாகக் கொட்டிவிட்டு, நிழல் பக்கத்திலிருந்து கோணியில் புதுப் பனியை மூட்டை மூட்டையாக இழுத்து வந்து கொட்டிக்கொண்டிருந்தாள். குரங்குக் குல்லாயில் புகை மாதிரி மூச்சு. ஒரு மூட்டை கொட்டுவாள், மேலே ஏறி மிதிப்பாள், அடுத்ததைக் கொட்டுவாள். படகில் ஐஸ் அறையை நிரப்புகிறவர்கள் அப்படித்தான் அடுக்கடுக்காக மிதித்து நிரப்புவார்கள். மோகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொது இல்லை. அவன் குச்சியைக் காட்டினான், அவள் வாங்கிக் குத்தினாள். அவன் போதும் என்று கை காட்டினான், அவள் இன்னும் இரண்டு மூட்டை கொட்டினாள்.

இந்த முறை மூன்று மணி நேரம் விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் மோகனே உள்ளே போய்க் குடைந்தான். அவன் வெளியே வரும் வரை அத்தை குவியலில் கையை வைத்தபடியே நின்றாள். கடைசியாகக் கூரையில் ஓட்டை போட்டான். ரேவதி உள்ளே போகக் குனிந்தாள்.

அத்தை அவள் தோளைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினாள்.

"மொதல்ல நான்."

நல்ல பருமனான உடம்பு. வாசலில் சிக்கிக்கொண்டாள். மோகன் பின்னாலிருந்து தயங்கித் தயங்கித் தள்ளினான். எப்படியோ உள்ளே போய்விட்டாள். மேடையில் ஏறிப் படுக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"எப்படி இருக்கிறது என்று கேள்" என்றான் மோகன்.

நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினாள். 'நல்லா கீது' என்று ஒரு வார்த்தை அந்த ஓட்டை வழியாக வந்துவிட்டால், அதற்குப் பிறகு 'கெளம்புடி' என்ற அடுத்த வார்த்தையும் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவன் விடவில்லை. நன்றாக இருக்கிறதா என்று அவனே குனிந்து கத்தினான்.

"மம்மிஜி! அச்சா ஹை?"

உள்ளே பெருமூச்சு விடுகிற சத்தம்.

"இது ஒரு வூடு! பொணத்த வெக்கிற ஐஸ் பெட்டில கால நீட்டவாச்சும் எடம் கீது. முதுவு ஒடியுது. இன்னா ஓட்டை போட்டு வெச்சிருக்கான், எலி போற பொந்து மாதிரி. மேடையா இது, மூக்கு போய் கூரைல இடிக்குது. தாடிய வளக்கத் தெரிஞ்ச தடிமாட்டுக்கு ஒரு மேடை போடத் தெரில. பருப்புன்னு ஒண்ணு வெக்கிறான், வாயில வெக்க முடில. என்னைப் பொதைப்பானாம் இவன்! இவன நம்பி எம்பொண்ண வுட்டுட்டுப் போறேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

ரேவதி அப்படியே பனியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்து கன்னத்திலேயே சில்லிட்டது.

மோகன் பயந்து போனான். "மம்மிஜி என்ன சொன்னார்கள்? மோசமா?" என்று என்னைக் கேட்டான். கையை ஆட்டி ஓட்டையைக் காட்டினேன்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. பாவம், குறையைத் திருத்திவிடலாம் என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி ஓட்டையைப் பெரிதாக்க ஆரம்பித்தான். அடியில் மூஞ்சியிலெல்லாம் பனி கொட்ட, அத்தை அவனுடைய பாட்டனிலிருந்து தொடங்கினாள்.